அத்தியாயம் 4: டியூப் போடுவது கடினமாகுமா? மயக்கத்துக்கு முன்பே கணிப்பது எப்படி

மயக்கம் கொடுத்து, தசை தளர்த்தும் மருந்தும் போட்ட நொடியிலிருந்து நோயாளியின் மூச்சு உங்கள் கையில். அதற்குப் பிறகு தெரியவரும் ஒவ்வொரு சிக்கலுக்கும் நிமிடக் கணக்கில்தான் அவகாசம். அதே சிக்கலை முந்தைய நாள் வார்டில் கண்டுபிடித்திருந்தால் ஓர் இரவு முழுக்க அவகாசம் கிடைத்திருக்கும். இந்த அத்தியாயம் அந்த வார்டுப் பரிசோதனையைப் பற்றியது. வயது வந்த நோயாளிகளை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எந்தப் பரிசோதனையும் சோதிடம் அல்ல. "மல்லம்பட்டி 2, வாய் நன்றாகத் திறக்கிறது" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பரிசோதனையின் பயன், அதன் முடிவில் நீங்கள் வகுக்கும் திட்டத்தில்தான் இருக்கிறது.

நான்கு கேள்விகள்

"டியூப் போட முடியுமா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுவதுதான் புதியவர்களிடம் காணப்படும் பழக்கம். கேட்க வேண்டியவை நான்கு.

1. மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்க முடியுமா?
2. எல்.எம்.ஏ. போன்ற சாதனம் உள்ளே போய்ச் சரியாக உட்காருமா?
3. லாரிங்கோஸ்கோப்பில் குரல்வளை தெரியுமா, டியூப் போகுமா?
4. எதுவுமே முடியாவிட்டால், கழுத்தின் முன்புறம் வழியாக மூச்சுக்குழாயை அடைய முடியுமா?

இந்த நான்கும் நான்கு தனித்தனிக் கதவுகள். ஒன்று மூடியிருந்தால் மற்ற மூன்றும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டியூப் கடினம், மாஸ்க் எளிது என்றால் நிலைமை சமாளிக்கக்கூடியது. இரண்டும் கடினம் என்றால் அவரை மயக்கவே தயங்க வேண்டும்.

கேட்டுத் தெரிந்துகொள்வது

கையில் டார்ச் எடுப்பதற்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். முன்பு டியூப் போடக் கடினமாக இருந்தது என்ற வரலாற்றைப் போல நம்பகமான அறிகுறி வேறில்லை. ஆனால் "முன்னாடி மயக்கம் குடுத்தப்போ ஏதாவது பிரச்சினை வந்துச்சா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்ற பதில்தான் வரும். தூங்கிக்கொண்டிருந்தவருக்கு என்ன தெரியும்? கேள்வியை உடைத்துக் கேளுங்கள். "ஆபரேஷன் முடிஞ்சு ரொம்ப நாள் தொண்டை வலி இருந்துச்சாம்மா? பல்லு உடைஞ்சுதா? எதிர்பாராம ஐ.சி.யூ.வில வெச்சிருந்தாங்களா? டாக்டர் வீட்டுக்காரங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" பழைய ஆவணம் கிடைத்தால் மயக்கக் குறிப்பைத் தேடிப் படியுங்கள்.

முன்பு எளிதாக இருந்தது என்பதால் இப்போதும் எளிது என்று பொருளில்லை. இடையில் எடை கூடியிருக்கலாம். தைராய்டு கட்டி வளர்ந்திருக்கலாம். கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்திருக்கலாம்.

அடுத்து இவற்றைக் கேளுங்கள்.

குறட்டை விடுகிறாரா? இதை நோயாளியைவிடப் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்பது நல்லது. தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

மல்லாந்து படுக்க முடிகிறதா? கழுத்தில் கட்டியுள்ளவர் ஒரு பக்கமாக மட்டுமே படுத்தால் மூச்சு வரும் என்கிறார் என்றால், மல்லாத்தி மயக்கம் கொடுப்பது ஆபத்து என்று அவரே சொல்லிவிட்டார்.

குரல் மாறியிருக்கிறதா, விழுங்கச் சிரமமா, மூச்சிழுக்கும்போது சத்தம் கேட்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சொல்லி, மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சி.டி. எடுத்திருந்தால் அறிக்கையோடு நிற்காமல் படத்தையே பாருங்கள். மூச்சுக்குழாய் எங்கே நெருக்கப்படுகிறது, எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது உங்களுக்குத் தேவை.

பாக்கு, குட்கா, மாவா பழக்கம் உண்டா? நம் நாட்டில் இதைக் கேட்காமல் விடவே கூடாது. பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்சவ்வு நார்போல இறுகும் நோயில், வாய் ஆண்டுக்காண்டு சிறுத்துக்கொண்டே போகும்.

நாட்பட்ட சர்க்கரை நோய், முடக்குவாதம், முதுகெலும்பு இறுகும் நோய், கழுத்தில் தீக்காயத் தழும்பு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளியிடம் "கையெடுத்துக் கும்பிடுங்க" என்று சொல்லுங்கள். உள்ளங்கைகளும் விரல்களும் முழுதாக ஒட்டாமல் இடைவெளி விட்டால், மூட்டுகள் இறுகியிருக்கின்றன. அதே இறுக்கம் கழுத்திலும் இருக்கலாம்.

பார்ப்பதும் அளப்பதும்

முதலில் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். பின்வாங்கிய தாடை, துருத்திய முன்பற்கள், குட்டையான தடித்த கழுத்து ஆகியவை பக்கவாட்டில்தான் நன்றாகத் தெரியும். பிறகு கீழ்க்கண்ட வரிசையில் போங்கள். ஒரே வரிசையைத் தினமும் பின்பற்றினால் எதுவும் விட்டுப்போகாது.

வாய் திறப்பு. மேல், கீழ் முன்பற்களுக்கிடையே நோயாளியின் மூன்று விரல்கள் செங்குத்தாக நுழைய வேண்டும். 3 செ.மீ.க்குக் குறைந்தால் எச்சரிக்கை. 2 செ.மீ.க்கும் கீழே போனால் லாரிங்கோஸ்கோப் மட்டுமல்ல, எல்.எம்.ஏ.வும் சிரமம்.

மல்லம்பட்டி பரிசோதனை. ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1983-இல் ஒரு சிறு கடிதமாக முன்வைத்து, 1985-இல் 210 நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்ட முறை இது. அவர் மூன்று வகைகளாகப் பிரித்தார். நான்காவதை 1987-இல் சாம்சூனும் யங்கும் சேர்த்தார்கள். நோயாளி நேராக உட்கார்ந்திருக்க, உங்கள் கண் அவர் வாய்க்கு நேராக இருக்க வேண்டும். "வாயை நல்லாத் திறங்க ஐயா, நாக்கை முழுசா வெளியே நீட்டுங்க, சத்தம் போட வேண்டாம்" என்று சொல்லுங்கள். "ஆ" என்று சொல்லவைத்தால் மென்னண்ணம் மேலே தூக்கிக்கொண்டு, உள்ளதைவிட நல்ல வகையாகத் தோன்றும்.

முதல் வகையில் மென்னண்ணம், உள்நாக்கு முழுதும், இரு பக்கத் தூண்கள் எல்லாம் தெரியும். இரண்டாம் வகையில் தூண்கள் மறைந்து உள்நாக்கு தெரியும். மூன்றில் மென்னண்ணமும் உள்நாக்கின் அடியும் மட்டும். நான்கில் வன்னண்ணம் தவிர வேறெதுவும் தெரியாது.

மேலுதட்டைக் கடித்தல். 2003-இல் டெஹ்ரானைச் சேர்ந்த மருத்துவர்கள் அறிமுகப்படுத்திய எளிய முறை. "கீழ்ப்பல்லால மேலுதட்டைக் கடிச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, நீங்களும் ஒருமுறை செய்துகாட்டுங்கள். உதட்டின் செந்நிறக் கோட்டைத் தாண்டிக் கடித்தால் முதல் வகை, கோட்டுக்குக் கீழே மட்டும் கடித்தால் இரண்டாம் வகை, உதட்டை எட்டவே முடியாவிட்டால் மூன்றாம் வகை. தாடை முன்னே நகரும் திறனையும் பற்களின் அமைப்பையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது. பல் இல்லாதவர்களுக்கு மட்டும் பயன்படாது.

முகவாய்க்கும் குரல்வளைக்கும் இடைப்பட்ட தூரம். தலையை முழுதாக அண்ணாந்து, வாயை மூடிய நிலையில், தைராய்டு குருத்தெலும்பின் மேல் பள்ளத்திலிருந்து முகவாய் எலும்பு வரை அளக்க வேண்டும். 6.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. 6 செ.மீ.க்குக் குறைந்தால், லாரிங்கோஸ்கோப்பால் நாக்கைத் தள்ளிவைக்கப் போதிய இடம் இல்லை என்று பொருள். விரல் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். சட்டைப் பையில் சின்ன ஸ்கேல் ஒன்று இருக்கட்டும்.

கழுத்து அசைவு. "கூரையைப் பாருங்க" என்று சொல்லுங்கள். தோளைத் தூக்கியோ முதுகை வளைத்தோ ஏமாற்றாமல், தலை மட்டும் பின்னே சாய்கிறதா என்று கவனியுங்கள். கழுத்தில் அடிபட்டவருக்கு இதைச் செய்யவே கூடாது.

கழுத்துச் சுற்றளவு. பருமனானவர்களுக்கு மட்டும் டேப்பால் அளந்தால் போதும். மிகைப் பருமனானவர்களிடம் பிராட்ஸ்கியும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுற்றளவு 40 செ.மீ. என்றால் சிக்கலுக்கான வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. 60 செ.மீ. என்றால் 35 விழுக்காடு.

பற்கள். ஆடும் பல், கட்டிய பல், கழற்றும் செட் பல் எல்லாவற்றையும் எந்த இடம் என்பதோடு எழுதிவையுங்கள்.

மாஸ்க் வைக்க முடியுமா?

டியூப் போகாவிட்டாலும் மாஸ்க்கில் மூச்சு கொடுக்க முடிந்தால் நோயாளி பிழைப்பார். அதனால் இந்தக் கணிப்பு இன்னும் முக்கியம். பிரான்சில் லாஞ்செரோனும் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட 1,502 நோயாளிகளின் ஆய்வில் 5 விழுக்காட்டினருக்கு மாஸ்க் கடினமாக இருந்தது. அவர்களில் 17 விழுக்காட்டினரை மட்டுமே மயக்க மருத்துவர்கள் முன்பே கணித்திருந்தார்கள். ஆய்வு தந்த அறிகுறிகள் ஐந்து: 55-ஐத் தாண்டிய வயது, 26-ஐத் தாண்டிய பி.எம்.ஐ., பல் இல்லாமை, தாடி, குறட்டை. இரண்டு சேர்ந்தாலே கவனம் தேவை. கழுத்துக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் நீங்கள் மாற்றக்கூடியது தாடி ஒன்றுதான். சமயக் காரணத்துக்காகவோ, சபரிமலைக்கு மாலை போட்டதாலோ சிலர் மழிக்கத் தயங்குவார்கள். காரணத்தை மரியாதையோடு விளக்குங்கள். சம்மதிக்காவிட்டால் தாடியின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தை வாய்க்கு வழி விட்டு ஒட்டி, அதன்மேல் மாஸ்க்கை அழுத்தலாம்.

எல்.எம்.ஏ. விஷயத்தில் சுருக்கமாக: வாய் திறக்காதது, தொண்டையில் அடைப்போ கட்டியோ இருப்பது, அமைப்பு உருக்குலைந்திருப்பது, நுரையீரல் இறுகியிருப்பது ஆகிய நான்கும் அதைப் பயனற்றதாக்கும்.

கழுத்தின் முன்புறம்

ஒவ்வொரு நோயாளிக்கும் கிரைகோதைராய்டு சவ்வை விரலால் தொட்டுப் பாருங்கள். பெண்களிடமும் பருமனானவர்களிடமும் தொட்டுக் கண்டுபிடிப்பது அடிக்கடி தவறிப்போகும். அல்ட்ராசவுண்ட் இருந்தால் அதைக்கொண்டு இடத்தைக் கண்டு, தலை அண்ணாந்த நிலையில் தோலில் பேனாவால் குறியுங்கள். கடினம் என்று கணித்த நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும் முன் 10-ஆம் எண் பிளேடு, பூஜி, 6 எண் கஃப் டியூப் மூன்றும் பிரிக்கக்கூடிய நிலையில் தட்டில் இருக்க வேண்டும்.

கையில் எவ்வளவு நேரம்?

உடலமைப்பைப் போலவே உடலின் ஆக்சிஜன் இருப்பும் கணிப்பின் பகுதி. முழுதாக ஆக்சிஜன் ஏற்றப்பட்ட ஆரோக்கியமான ஒருவருக்கு, மூச்சு நின்றபின் ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்கு இறங்க ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும். மிகப் பருமனானவருக்கு 3 நிமிடம்கூடக் கிடைக்காது. நிறைமாதக் கர்ப்பிணிக்கு நுரையீரலின் இருப்பும் குறைவு, ஆக்சிஜன் செலவும் அதிகம். காய்ச்சல், செப்சிஸ், நிமோனியா உள்ளவர்களும் அப்படியே. டியூப் கொஞ்சம் கடினம், ஆனால் நேரம் நிறைய இருக்கிறது என்பது ஒரு நிலை. கொஞ்சம் கடினம், நேரமும் இல்லை என்பது முற்றிலும் வேறு நிலை.

எண்கள் என்ன சொல்கின்றன?

2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 133 ஆய்வுகளையும், எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. குரல்வளை தெரியாமல் போகும் நோயாளிகளில், திருத்திய மல்லம்பட்டி பரிசோதனை 53 விழுக்காட்டினரையே முன்கூட்டிப் பிடித்தது. மேலுதட்டைக் கடிக்கும் பரிசோதனை 67 விழுக்காட்டினரைப் பிடித்தது. முகவாய் தூரம் 37, வாய் திறப்பு 22 விழுக்காடு.

இதை நம் வார்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். 1,000 நோயாளிகளில் 50 பேர் உண்மையில் கடினமானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மல்லம்பட்டி அவர்களில் 27 பேர் வரை காட்டும். 23 பேரை விட்டுவிடும். எளிதான 950 பேரில் ஐந்தில் ஒருவரை, அதாவது 190 பேரை, வீணாகக் கடினம் என்று காட்டும். மல்லம்பட்டி "கடினம்" என்று சொல்லும் எட்டுப் பேரில் ஒருவர்தான் உண்மையில் கடினமானவர்.

டென்மார்க்கின் தேசிய மயக்கவியல் பதிவேட்டிலிருந்து 2015-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. 1,88,064 நோயாளிகளில் 3,391 பேருக்கு டியூப் போடுவது கடினமாக இருந்தது. அவர்களில் 93 விழுக்காட்டினர் எதிர்பாராதவர்கள். கடினம் என்று முன்பே எழுதப்பட்டவர்களிலும் நான்கில் ஒருவருக்குத்தான் உண்மையில் கடினமாக இருந்தது.

ஏன் இப்படி? வெளியிலிருந்து தெரியாத காரணங்கள் உண்டு. நாக்கின் அடியில் பெருத்திருக்கும் டான்சில் திசு, வாய் திறப்பிலும் கழுத்து அசைவிலும் எந்தத் தடயமும் காட்டாது. லாரிங்கோஸ்கோப் உள்ளே போன பிறகுதான் குரல்வளை மூடி மறைந்திருப்பது தெரியும்.

அப்படியானால் பரிசோதனை எதற்கு? இரண்டு பாடங்களுக்காக. ஒன்று, தனி அறிகுறியை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு, எல்லாம் சரியாக இருக்கும் நோயாளிக்கும் மாற்றுத் திட்டம் தயாராக இருக்கட்டும்.

திட்டமாக மாற்றுங்கள்

பிரிட்டனில் 2008 செப்டம்பர் முதல் ஓராண்டு நடந்து, 2011-இல் வெளியான நான்காவது தேசியத் தணிக்கை, மயக்கத்தின்போது மூச்சுப்பாதையில் நேர்ந்த பெரும் விபத்துகளை ஆராய்ந்தது. பரிசோதனையே செய்யாதது ஒரு குறை. பரிசோதித்து, கடினம் என்று தெரிந்தும், வழக்கமான முறையிலேயே மயக்கம் கொடுத்தது இன்னொரு குறை.

விழித்திருக்கும்போதே டியூப் போடுவது எப்போது? அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலை ஒட்டி இப்படி நினைவில் வையுங்கள். டியூப் கடினம் என்ற சந்தேகத்தோடு இவற்றில் ஒன்றாவது சேர்ந்தால் விழித்த நிலையை முதலில் யோசியுங்கள்: மாஸ்க் அல்லது எல்.எம்.ஏ. கடினமாகலாம், வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து அதிகம், ஆக்சிஜன் வேகமாக இறங்கும், கழுத்து வழியை அடைவது கடினம்.

மயக்கம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அகில இந்திய கடின மூச்சுப்பாதை சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் நம் சூழலுக்குப் பொருந்தும். டியூப் போடும் முயற்சி மூன்றுக்கு மேல் வேண்டாம். முயற்சிகளுக்கிடையே மாஸ்க்கில் மூச்சு கொடுங்கள். மூக்கு வழியாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

பயிற்சிக்கு மூன்று நோயாளிகள்

முதலாமவர்: 48 வயது ஆண், கன்னத்தில் புற்றுநோய், பல ஆண்டுப் பாக்குப் பழக்கம், வாய் திறப்பு 1.5 செ.மீ. இங்கே விழக்கூடிய பொறி, "தசை தளர்ந்தால் வாய் திறக்கும்" என்ற நினைப்பு. வலியால் இறுகிய தாடை சிலசமயம் தளரலாம். நாராக இறுகிய சவ்வு எந்த மருந்துக்கும் தளராது. வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் எல்.எம்.ஏ.வும் உள்ளே நுழையா. விழித்த நிலையில் மூக்கு வழியாக ஃபைபர்ஆப்டிக் உதவியுடன் டியூப். அது இல்லாத இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு டிரக்கியாஸ்டமி, அல்லது வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல்.

இரண்டாமவர்: 26 வயது, முதல் பிரசவம், இரத்த அழுத்தம் கூடி முகம் வீங்கியிருக்கிறது, அவசர சிசேரியன். காலையில் மல்லம்பட்டி 2 என்று எழுதியிருக்கிறது. பிரசவ வலியின்போது தொண்டை வீங்கி வகை மாறக்கூடும். அதனால் தியேட்டரில் மறுபடி பாருங்கள். குரல் கரகரத்தால் குரல்வளையும் வீங்கியிருக்கலாம். தட்டணுக்கள் போதிய அளவு இருந்தால் முதுகுத்தண்டு மயக்கமே முதல் தேர்வு. ஆனாலும் அது தவறினால் என்ன செய்வது என்ற திட்டம் வேண்டும். தலையும் தோளும் உயர்த்திய படுக்கை, 6 அல்லது 6.5 எண் டியூப், வீடியோ லாரிங்கோஸ்கோப், மூத்த மருத்துவர் ஒருவர் பக்கத்தில்.

மூன்றாமவர்: 58 வயது, பி.எம்.ஐ. 34, தாடி, பல் இல்லை, பலத்த குறட்டை, மல்லம்பட்டி 2, வாய் நன்றாகத் திறக்கிறது. குடலிறக்க அறுவை. டியூப் எளிதாகப் போகலாம், மாஸ்க்தான் கடினம். முதுகுத்தண்டு மயக்கம் போதுமா என்று அறுவை மருத்துவரிடம் பேசுங்கள். பொது மயக்கம்தான் என்றால் தலை உயர்ந்த நிலையில் முழு நேரம் ஆக்சிஜன் ஏற்றுங்கள். மாஸ்க்கை இரு கைகளால் பிடிக்க உதவியாளர் ஒருவர் வேண்டும். வாய்வழி ஏர்வேயும் எல்.எம்.ஏ.வும் பிரித்து வைத்திருங்கள்.

எழுதிவைப்பது

பரிசோதனைக் குறிப்பின் கடைசி வரி எண்ணாக இருக்கக் கூடாது. இந்த வடிவில் இருக்கட்டும்: "மாஸ்க் கடினமாகலாம், டியூப் எளிது என எதிர்பார்ப்பு. முதல் திட்டம் இது, தவறினால் இது, அதுவும் தவறினால் இது. உதவிக்கு அழைக்க வேண்டியவர் இவர்." தியேட்டரில் மயக்கம் கொடுக்கும் முன் இதைச் செவிலியருக்கும் டெக்னீஷியனுக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடினமாகவே இருந்துவிட்டால் அறுவை முடிந்தபின் இன்னொரு வேலை உண்டு. நோயாளி தெளிந்ததும் அவரிடமும் குடும்பத்தாரிடமும் நடந்ததைச் சொல்லி, கையில் ஒரு கடிதம் கொடுங்கள். மாஸ்க் எப்படி இருந்தது, எந்த லாரிங்கோஸ்கோப்பில் என்ன தெரிந்தது, எத்தனை முயற்சி, கடைசியில் எந்த முறை பலித்தது, எந்த அளவு டியூப் என்பவை அதில் இருக்க வேண்டும். "இந்தக் கடிதத்தைப் பத்திரமா வெச்சிருங்க, இனி எந்த ஆபரேஷன்னாலும் முதல்ல இதைக் காட்டுங்க" என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்து அவருக்கு மயக்கம் கொடுக்கப்போகும் மருத்துவருக்கு எந்த அளவுகோலையும்விட அந்த ஒரு பக்கக் கடிதம் அதிகம் உதவும். தவறாமல் எழுதிக் கொடுங்கள்.